பெரியாஸ்பத்திரி வாசலில் "உள்ள ஃபுல்லு" என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்

எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனை வாசலில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். நோயாளியைக் கூட்டிக்கொண்டு பதறிப்போய் வருகிற யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அப்பா காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. 108-க்குப் போன் செய்தோம், சீக்கிரமே வந்துவிட்டார்கள். வண்டியில் கூட ஒரு ஆள்தான் ஏறலாம் என்றதால் அம்மா ஏறிக்கொண்டார். நான் ஆதார், பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பைக்கில் பின்னாலேயே போனேன். ஓ.பி. நேரம். வாசலில் ஆட்டோ, டீக்கடைக் கூட்டம், பழ வண்டி என்று நிற்கக்கூட இடமில்லை. அப்போதுதான் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையில் டோக்கன் புத்தகத்தோடு வந்து வண்டியை மறித்தார்.

"உள்ள ஃபுல்லுண்ணே. இங்கனயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

30 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ரோஸ் கலர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வரிசை எண் அச்சடித்திருந்தது, வண்டி நம்பரை பேனாவில் எழுதியிருந்தார். கீழே "வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. எந்த நிர்வாகம் என்று எங்கேயும் இல்லை. ஒப்பந்ததாரர் பெயர் இல்லை, கட்டணம் இல்லை, தேதி இல்லை. அதை நான் படித்துப் பார்த்ததே எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான்.

மதியம் அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டு மருந்து வாங்க வெளியே வந்தால் வண்டியைக் காணவில்லை. வரிசையாக நின்ற எல்லா வண்டியும் இல்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, நோ பார்க்கிங் என்று டிராஃபிக் போலீஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். காக்கிச் சட்டைக்காரர் அங்கேயேதான் நின்றார். டோக்கனை நீட்டினேன். "போலீஸ் எடுத்துட்டுப் போனா நான் என்னண்ணே செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்து வந்த ஸ்கூட்டியை அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார். என் கண் முன்னாலேயே அந்தப் பெண்ணிடமும் 30 ரூபாய். நான் சொல்லித்தான் அவர் வண்டியை எடுத்தார்.

ஸ்டேஷனில் அபராதம் 500 ரூபாய் கட்டி வண்டியை மீட்டேன். திரும்பி வந்து மருத்துவமனைக்கு உள்ளே இருக்கிற ஸ்டாண்டுக்கு நேராகப் போனேன். பிணவறைக்குப் போகிற வழியில், பழைய கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. பாதிக்கு மேல் காலி. கட்டணப் பலகையில் இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய். அங்கேயும் கேட்டது 10 ரூபாய், ஹெல்மெட் வைக்கத் தனியாக 5. பலகையைக் காட்டினால் "அது பழைய போர்டு சார்" என்கிறார்கள். புது போர்டு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

அந்த 500 ரூபாயைக்கூட நான் விட்டுவிடுவேன். ஆனால் அப்பாவுக்குத் துணையாக இருந்த நாட்களில் பார்த்தவற்றை விட முடியவில்லை. பேரனோடு மொபெட்டில் வருகிற ஒரு பாட்டி, வார்டுக்குச் சோறு கொண்டு வரும் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக 30 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்டாண்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. அதைவிட மோசம், ஒரு நாள் சாயங்காலம் இந்த வரிசையால் வாசல் குறுகி 108 வண்டி உள்ளே திரும்ப முடியாமல் சைரன் அடித்தபடி நின்றது. அங்கே நின்றவர்கள்தான் பைக்குகளைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் காசு வாங்குகிறவரை யாரும் கேட்பதில்லை.

நிலைய மருத்துவ அலுவலரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், "ரோடு மாநகராட்சியுடையது, எங்கள் ஸ்டாண்டு உள்ளே மட்டும்தான்" என்றார். போலீசில் கேட்டால் "ஆஸ்பத்திரி சமாச்சாரம் சார்". இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த முப்பது அடி நடைபாதையில்தான் இந்த ஆளின் பிழைப்பு நடக்கிறது. ஆனால் உள்ளே நடக்கிற வசூலுக்கு மருத்துவமனைக்காரர்கள் அப்படிச் சொல்ல முடியாது. ஸ்டாண்டை ஏலம் விட்டு ஒப்பந்தம் போடும்போது எந்த இடம், என்ன கட்டணம் என்று எழுதித்தான் கொடுத்திருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த ஒப்பந்த நகலைக் கேட்டு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு சொல்கிறது. சாவியை வாங்கி நிறுத்திய ஹோட்டல் ஒன்றிலிருந்து கார் திருடுபோன வழக்கில், அலட்சியம் இருந்தால் அப்படி ஒரு வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. டோக்கனைத் தொலைக்காமல் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாசலில் யார் நிறுத்தினாலும் வண்டியை விட்டு இறங்காமல், உள்ளே இருக்கிற காவலாளியிடம் ஸ்டாண்டு எங்கே என்று கேளுங்கள். கூட மாற்றி மாற்றி இருக்கப் போகிறவர்கள் பெண்கள் என்றால் பகலில் டவுன் பஸ்ஸே போதும், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. எங்கள் அம்மா கடைசி வரை அப்படித்தான் வந்து போனார். இரவு மாற்றிவிடப் போகும்போதுதான் பைக் தேவைப்பட்டது.

அதே வாசலில் தனியார் ஆம்புலன்ஸ் புரோக்கர்களும் நிற்கிறார்கள். பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டி இலவசம். இறந்தவரின் உடலைக் கொண்டுபோக 155377-இல் கூப்பிட்டால் அமரர் ஊர்தி இலவசம். இந்த எண்கள் தெரியாமல், அழுதுகொண்டே ஆயிரக்கணக்கில் பேரம் பேசிய ஒரு குடும்பத்தை வார்டு வாசலில் பார்த்தேன்.

முதல்வரின் உதவி எண் 1100-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். வருகிற திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊர் அரசு மருத்துவமனை வாசலில் கட்டணம் போடாத சீட்டு கொடுத்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கலெக்டருக்கான மனுவில் ஒட்டிக் கொடுங்கள். என் ரோஸ் சீட்டையும், கட்டணப் பலகை போட்டோவையும் நான் அப்படித்தான் இணைத்திருக்கிறேன்.