சம்பளச் சீட்டில் 135, இஎஸ்ஐ கணக்கில் 68

பெங்களூர் பீனியா பக்கம் சின்ன யூனிட்களில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இன்று ராத்திரியே உங்கள் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கணக்கைத் திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் விட்டு ஐந்து மாதம் அலைந்தேன்.

கணினி இயக்கும் சிஎன்சி மெஷின்கள் உள்ள ஒரு யூனிட்டில் ஆறு வருடம் ஆபரேட்டர், மாதம் 18,000. 2023 செப்டம்பர் கடைசியில் ஆர்டர் இல்லை என்று பதினோரு பேரை நிறுத்தினார்கள். 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று எழுதித் தரச் சொன்னார் அக்கவுண்டன்ட். தரவில்லை. மொத்தக் கதையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

வேலை போனவர்களுக்கு இஎஸ்ஐயில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு உதவித் திட்டம் உண்டு. வாழ்நாளில் ஒரு தடவை, அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி தினச் சம்பளத்தில் பாதி தருவார்கள். 2018இல் கால் பங்காக ஆரம்பித்து, கொரோனா சமயத்தில் பாதியாக்கினார்கள். இரண்டு வருடச் சம்பளத்தை 730ஆல் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். என் கணக்குக்கு 26,600 சொச்சம் வர வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் வாடகை கொடுப்பவனுக்கு அது பெரிய பணம்.

30 நாள் பொறுத்து நவம்பரில் மனுப் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். கடைசிப் பங்களிப்புக் காலமான (இஎஸ்ஐ சந்தாவை ஆறு மாதமாகப் பிரிக்கும் கணக்கு) ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டுமாம், எனக்கு 72தானாம். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்தவன் நான்!

காப்பீட்டு எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏப்ரலிலிருந்து மாதம் 12 நாள், 9,000 சம்பளம் என்று காட்டியிருந்தார்கள். என் பே ஸ்லிப்பில் பிடித்தது 135 ரூபாய், அதாவது 18,000க்கு 0.75 சதவீதம். கம்பெனி இஎஸ்ஐக்குக் கட்டியது 68. கம்பெனி தன் பங்காகக் கட்ட வேண்டிய 3.25 சதவீதத்திலும் பாதி மிச்சம். மாதம் சில நூறு ரூபாய்க்காக என் மூன்று மாதச் சோற்றில் கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது என் முட்டாள்தனம். இஎஸ்ஐ ஆபீஸ் வாசலில் ஒருவர், சுத்தமான தமிழில், "அண்ணா, அப்பீல் நான் பாத்துக்கறேன், மூவாயிரத்தைந்நூறு குடுங்க" என்றார். ஊர்க்காரர் மாதிரி பேசினாரே என்று கொடுத்தேன். ரசீது இல்லை, மனுவின் நகல் இல்லை. இரண்டு மாதம் போனில் "ஹியரிங்ல இருக்குண்ணா". ஒரு மனுவும் போகவில்லை. இஎஸ்ஐயில் இதற்கெல்லாம் ஒரு பைசா கட்டணம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் நானே உட்கார்ந்து எழுதினேன். ஆறு மாத பே ஸ்லிப், 18,000 வரவு வைத்த பேங்க் ஸ்டேட்மென்ட், இணையப் பதிவின் அச்சு மூன்றையும் சேர்த்து, 'சம்பளமும் நாளும் குறைத்துக் காட்டப்பட்டுள்ளன, நிறுவனப் பதிவேட்டைச் சோதிக்கவும்' என்று பின்னிப்பேட்டை மண்டல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அந்தச் சீல்தான் உயிர். சமூகப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கம்பெனிக்குப் போய்ப் பதிவேடு பார்த்தார். பாக்கியைக் கட்ட வைத்தார்கள், நாள் கணக்கு திருந்தியது. மறுபடி போட்ட கிளெய்முக்கு ஏப்ரலில் பணம் வந்தது.

அங்கேயும் மறுத்திருந்தால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போயிருப்பேன். அங்கே வக்கீல்தான் வேண்டும் என்றில்லை, பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகியே நமக்காகப் பேசலாம்.

எங்களோடு நிறுத்தப்பட்ட இரண்டு பேர் சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியவர்கள். அவர்களிடம் ஸ்லிப்பும் இல்லை, பேங்க் வரவும் இல்லை. சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்ட ஷிப்ட் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறார்கள். ரொக்கம் வாங்குபவர்கள் தினம் பஞ்ச் கார்டையாவது போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்த ஏஜென்டுக்குப் போன வாரம் போன் போட்டேன். ஹியரிங்கில்தான் இருக்கிறதாம்.