தரங்கம்பாடி: நேரில் காட்டவா, வரைபடத்தில் சொல்லவா?

டென்மார்க்காரர்கள் (டேனிஷ்காரர்கள்) தரங்கம்பாடிக்கு வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இரண்டு வழி: வரைபடத்தில் கப்பல் வந்த வழியை நூல் கட்டிக் காட்டலாம், அல்லது ஊருக்கே கூட்டிப் போகலாம்.

செலவு: வரைபடத்துக்கு ஒரு நூலும் நாலு குண்டூசியும் போதும். நேரில் போனால் பஸ், சாப்பாடு, அப்புறம் ஐஸ்கிரீம்.

புரிதல்: 1618இல் கோபன்ஹேகனில் கிளம்பிய டேனிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி 1620இல் இங்கே வந்தன. அந்தத் தூரம் நூலை இழுத்துப் பார்த்தால்தான் உறைக்கும். ஆனால் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்ததும் ஊர் எப்படி மாறியது என்பதற்கு அவர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. டேனிஷ்காரர்களுக்கு முன்பே ஊர் இருந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சிரமம்: வெயில்தான்.

சின்னப் பிள்ளைகள் என்றால் நேரே கோட்டைக்கு. ஆறாம் வகுப்பு தாண்டியவர்களுக்கு முதலில் நூல், "மிளகு வாங்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டபின் பஸ் ஏறலாம்.