எஃப்.ஐ.ஏ. சேவை எப்படி? பாதுகாப்பை நம்பலாம், தேர்தலை நம்ப முடியாது

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க கார் பந்தயங்களுக்கு விதி எழுதி, உரிமம் கொடுத்து, அபராதம் போட்டு நடத்துகிற எஃப்.ஐ.ஏ.வுக்கு ஐந்தில் இரண்டு. பாதுகாப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் தயங்காமல் நாலரை கொடுப்பேன். தலைவரைத் தேர்ந்தெடுக்கிற விதத்துக்கு அரை மதிப்பெண் கொடுக்கக்கூட மனசு வரவில்லை. ஃபார்முலா ஒன்றை டிவியில் மட்டும் பார்க்கிறவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். ஆனால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடக்கிற தேசியப் பந்தயம்கூட, சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழியாக கடைசியில் பாரிஸில் இருக்கிற இந்த அமைப்போடுதான் போய் இணைகிறது.

நல்லதை முதலில் சொல்லணும், அதுதான் நியாயம். 2020 நவம்பர், பஹ்ரைன் ஃபார்முலா ஒன் பந்தயம், முதல் சுற்று. ரோமன் குரோஜானின் கார் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் போய் இரும்புத் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. முன்பாதி தடுப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், அப்படியே நெருப்புக் கோளமானது. அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்த நெருப்புக்குள் இருந்தவர், தானே ஏறி வெளியே வந்தார். அவர் தலைக்கு மேலே இருந்த ஹாலோ என்ற டைட்டானியம் வளையம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தடுப்பு என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 2018-ல் அந்த வளையத்தை கட்டாயமாக்கியபோது அசிங்கமாக இருக்கிறது, பந்தயத்தின் அழகே போச்சு என்று எத்தனை பேர் கத்தினார்கள்! குரோஜானே அதை எதிர்த்தவர்தான். அத்தனை எதிர்ப்பையும் மீறி எஃப்.ஐ.ஏ. அதில் உறுதியாக நின்றது. அதனால்தான் இந்த அமைப்பு ஒழுங்காக இருக்கணும் என்று எனக்கு இவ்வளவு அக்கறை. இது உயிர் காக்கிற வேலை.

இனி தேர்தலுக்கு வருகிறேன். தலைவர் முகமது பின் சுலாயம் துபாய்க்காரர், மத்திய கிழக்கு ராலி பட்டத்தை 14 முறை வென்றவர். 2021 டிசம்பரில் பிரிட்டனின் கிரஹாம் ஸ்டோக்கரைத் தோற்கடித்துப் பதவிக்கு வந்தார், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர். அந்த முறை போட்டி நிஜமாகவே இருந்தது, 61 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி ஜெயித்தார். 2009-லும் அப்படித்தான், ஜான் டோட்டும் ஆரி வாட்டனனும் நேருக்கு நேர் நின்றார்கள். 2025 டிசம்பர் 12-ல் தாஷ்கண்டில் நடந்தது வேறு கதை. வாக்குச்சீட்டில் ஒரே பெயர்தான்.

வேறு யாருக்கும் ஆசை இல்லை என்பதால் அப்படி ஆகவில்லை, விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. தலைவர் பதவிக்கு நிற்கிறவர் தனியாக நிற்க முடியாது, ஒரு குழுவையே பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் விளையாட்டுக்கு மட்டும் ஏழு துணைத் தலைவர்கள் இருக்கணும், ஐரோப்பாவிலிருந்து இரண்டு பேர், மற்ற வட்டாரங்களிலிருந்து தலா ஒருவர். அவர்களும் எஃப்.ஐ.ஏ.வில் பந்தய விதிகளை முடிவு செய்கிற உலக மோட்டார் விளையாட்டுக் குழுவுக்குப் பெயர் கொடுத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் ஒரே பட்டியலில்தான் இருக்கலாம். இதுவரை கேட்டால் எல்லா நாட்டுக்கும் இடம் கொடுக்கிற நல்ல விதி மாதிரிதான் தெரியும். ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து அந்த முறை தகுதியோடு இருந்தவர் ஒரே ஒருவர், பிரேசிலின் ஃபாபியானா எக்லஸ்டோன். அவர் ஏற்கெனவே பின் சுலாயமின் பக்கம். அவ்வளவுதான், கதை முடிந்தது. இன்னொருவர் எவ்வளவு பெரிய திட்டத்தோடு வந்தாலும், எத்தனை நாட்டு சங்கங்கள் அவருக்குப் பின்னால் நின்றாலும், பட்டியலில் அந்த ஒரு கட்டம் காலியாகத்தான் இருக்கும், கட்டம் காலியாக இருந்தால் வேட்புமனு செல்லாது. ஒரு கண்டத்தில் ஒரே ஒருவர் தலையாட்டாவிட்டால் உலகத்துக்கே போட்டி கிடையாது என்று ஆகிவிட்டது.

டிம் மேயர் இதில்தான் மாட்டிக்கொண்டார். மெக்லாரன் அணியை நடத்திய டெடி மேயரின் மகன், பல வருஷம் ஸ்டீவர்டாக, அதாவது பந்தயத்தில் விதிமீறலுக்குத் தீர்ப்பு சொல்கிறவராக வேலை பார்த்தவர், 2024 நவம்பரில் அந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2025 ஜூலையில் சில்வர்ஸ்டோன் பந்தய வாரத்தில் போட்டியிடுவதாக அறிவித்தார், அக்டோபரில் ஆஸ்டினில் நிற்க முடியவில்லை என்று சொல்லி விலகினார், இது ஜனநாயகம் மாதிரி தோற்றம் மட்டும்தான் என்று வெளிப்படையாகவே பேசினார். சுவிஸ் ஓட்டுநர் லாரா வில்லார்ஸ் பாரிஸ் நீதிமன்றத்துக்கே போனார். தேர்தலை நிறுத்த நீதிபதி மறுத்துவிட்டார், ஆனால் மூல வழக்கு தொடரலாம் என்றாகிவிட்டது. விதியெல்லாம் எல்லாருக்கும் பொது, முன்கூட்டியே வெளியிட்டதுதான் என்பது எஃப்.ஐ.ஏ. தரப்பு பதில். பொது விதிதான், சரி. ஒருவரால் மட்டுமே பூர்த்தி செய்ய முடிகிற பொது விதியால் யாருக்கு என்ன பயன்?

இதுவாவது பழைய விதியின் விளைவு என்று விட்டுவிடலாம். அதற்கு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் எஃப்.ஐ.ஏ. சட்டத்தை மாற்றி, நெறிமுறைப் புகார்கள் எஃப்.ஐ.ஏ. தலைவருக்கும், அமைப்புக்குள்ளேயே இருக்கிற செனட் என்ற குழுவின் தலைவருக்கும் போகிற மாதிரி செய்தார்கள். தலைவர் மேலேயே புகார் என்றால் யாரிடம் போவது? 2025 ஏப்ரலில் விளையாட்டுக்கான துணைத் தலைவர் ராபர்ட் ரீட் ராஜினாமா செய்தார். இவர் வெளியாள் இல்லை. 2001-ல் ரிச்சர்ட் பர்ன்ஸோடு உலக ராலி பட்டம் வென்ற இணை ஓட்டுநர், பின் சுலாயமின் சொந்தக் குழுவில் நின்று ஜெயித்து வந்தவர். நிர்வாக முறையே குலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் தலைமை நிர்வாக அதிகாரி நடாலி ராபினும் சுமார் ஒன்றரை வருஷத்தில் கிளம்பிவிட்டார். கூட இருந்தவர்களே இப்படி வரிசையாக வெளியேறினால் எதிராளிகளின் பொறாமை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

ஓட்டுநர்களுக்குக் கிடைத்த சேவையும் மோசம்தான். 2024 சிங்கப்பூரில் தன் காரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதற்கு ஃபார்முலா ஒன் சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குப் பொதுச் சேவை செய்யும் தண்டனை. அபராதப் பணம் எங்கே போகிறது என்று ஓட்டுநர் சங்கம் அந்த நவம்பரில் பகிரங்கக் கடிதமே எழுதியது. அபராதம் கட்டுகிற அவர்களுக்குத் தலைவர் தேர்தலில் வாக்கு கிடையாது, அணிகளுக்கும் கிடையாது, ரசிகர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். வாக்கு முழுக்க நாடுவாரியான பந்தயச் சங்கங்களிடமும் கார் கிளப்களிடமும்தான்.

பின் சுலாயம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நட்டத்தில் வந்த கணக்கு 2024-ல் லாபத்துக்குத் திரும்பியது. மற்ற அணிகள் பரிசுப் பணத்தில் தங்கள் பங்கு குறையும் என்று முகம் சுளித்தபோதும் ஃபார்முலா ஒன்னில் பதினோராவது அணிக்கு கதவைத் திறந்துவிட்டது அவர்தான், அந்த கேடிலாக் வருகையை நான் மனசார வரவேற்கிறேன். நேர்மையான போட்டி நடந்திருந்தாலும் அவர் ஜெயித்திருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தாஷ்கண்டில் 91 சதவீதத்துக்கு மேல் வாக்கு என்று அறிவித்தார்கள். எதிரே யாரும் இல்லாத வாக்கில் 91-க்கும் 51-க்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு மாற்றம் வந்தால் நாலு மதிப்பெண் கொடுப்பேன். ஒன்று, வட்டாரத் துணைத் தலைவர்களைத் தலைவரின் பட்டியலிலிருந்து பிரித்து, அந்தந்த வட்டாரமே தனியாகத் தேர்ந்தெடுக்கட்டும். இன்னொன்று, நெறிமுறைப் புகார்கள் பதவியில் இருப்பவர் கை படாத வெளிக் குழுவுக்குப் போகட்டும். இந்தியாவின் சார்பில் அந்தச் சபையில் உட்கார்கிற எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யும் அடுத்த பொதுச் சபைக்குப் போகும் முன்பு, எதை ஆதரிக்கப் போகிறோம், ஏன் என்று உரிமம் வைத்திருக்கிற ஓட்டுநர்களிடமும் வெயிலில் கொடி பிடித்து நிற்கிற மார்ஷல்களிடமும் சொல்லிவிட்டுப் போகட்டும்.