வார அறிக்கையா, காலைக் கூட்டமா, வாட்ஸ்அப் குழுவா? வாளையாறு எல்லையில் திட்ட மேலாளரின் தேர்வுகள்

கோயம்புத்தூரில் அலுவலகமும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கஞ்சிக்கோட்டில் வேலையிடமுமாகத் திட்டங்களை நடத்தும் மேலாளர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். இரண்டுக்கும் இடையே 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஆயினும் இரு மாநில எல்லையான வாளையாற்றைக் கடந்தவுடன் மழைக்காலம் மாறுகிறது, மின்வாரியம் மாறுகிறது, பண்டிகை விடுமுறைகள் மாறுகின்றன, லாரியிலிருந்து சரக்கு இறக்கும் நடைமுறை மாறுகிறது, தொழிலாளர்கள் படிக்கும் எழுத்தும் மாறுகிறது. ஆகவே, தொடர்பாடல் நன்றாக இருக்க வேண்டும், மனம் நெகிழ்வாக இருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இங்கே போதாது. எந்த வழியில் செய்தியைப் பெறுவது, எதில் வளைந்து கொடுப்பது, எதில் வளையாமல் நிற்பது என்பதை, கைவசம் உள்ள வழிகளை அருகருகே வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

எதைக் கொண்டு அளப்பது

மனநெகிழ்வு என்பதை, எல்லோருக்கும் இணங்கிப் போகும் குணம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உளவியலில் அதன் பொருள் வேறு. சூழல் மாறியதும் பழைய வழிமுறையைக் கைவிட்டுப் புதிய வழிமுறைக்கு மாறும் திறன் அது. ஆபிரகாம் லுச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட ஜாடிச் சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. வெவ்வேறு கொள்ளளவுள்ள மூன்று ஜாடிகளைக் கொண்டு குறிப்பிட்ட அளவு நீரை அளந்தெடுக்க வேண்டும். முதலில் வரும் கணக்குகள் எல்லாம், நடுஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியளவு ஒரு முறையும் மூன்றாம் ஜாடியளவு இரு முறையும் ஊற்றி எடுக்கும் ஒரே நீண்ட வழியில் தீர்பவை. பிறகு 23, 49, 3 என்ற அளவுள்ள ஜாடிகளைக் கொடுத்து 20 அளவு நீர் கேட்கப்படுகிறது. 23-இலிருந்து 3-ஐக் கழித்தால் முடிந்துவிடும் கணக்கு அது. ஆனால் நீண்ட வழியில் பழகியவர்களில் பெரும்பாலோர் அதே நீண்ட வழியிலேயே போனார்கள். பழக்கப்படாதவர்கள் சுருக்க வழியை உடனே கண்டார்கள்.

திட்ட மேலாண்மையில் இதன் விளைவு கடுமையானது. அனுபவம் கூடக்கூட, ஒரு முறை வென்ற வழி அடுத்த வேலையிலும் தானாகவே கைக்கு வருகிறது. திருப்பூரிலும் சூலூரிலும் பத்துக் கொட்டகைகள் கட்டி முடித்தவர், கஞ்சிக்கோட்டில் பதினோராவது கொட்டகைக்கும் அதே அட்டவணையை நகலெடுக்கிறார். அவருடைய எண்ணத்தை மாற்றக்கூடியது வேலையிடத்திலிருந்து வரும் செய்தி ஒன்றுதான். எனவே எந்தத் தொடர்பாடல் வழியையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். கெட்ட செய்தி மேலாளரை எவ்வளவு விரைவில் எட்டுகிறது? எட்டும்போது முடிவை மாற்றுவதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறதா? ஒரு வழி எவ்வளவு ஒழுங்காகவும் அழகாகவும் இருந்தாலும், இந்த இரண்டிலும் தேறாவிட்டால் அதை நம்பித் திட்டத்தை நடத்துவது ஆபத்து.

வார அறிக்கையும் காலைக் கூட்டமும்

எழுத்து வடிவிலான வார அறிக்கைக்கு மறுக்க முடியாத வலிமை ஒன்று உண்டு. மூன்று மாதம் கழித்து, தூண்களின் இடைவெளியை மாற்றச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்ற கேள்வி எழும்போது, அதற்கு விடை சொல்ல எழுத்தைத் தவிர வேறெதுவும் உதவாது. பில் தொகை குறித்துத் தகராறு வந்தாலும் அப்படியே.

ஆனால் இந்த எல்லைப் பகுதியில் அறிக்கைக்கு ஒரு தனிப்பட்ட பலவீனம் இருக்கிறது. கேரளப் பக்கத்து எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் மக்களுக்குத் தமிழும் மலையாளமும் காதில் விழுந்தால் புரியும். பாலக்காட்டு மேஸ்திரி மலையாளத்தில் சொல்வதைப் பொள்ளாச்சிக்காரர் புரிந்துகொண்டு தமிழில் பதில் சொல்வது அன்றாட நடப்பு. எழுத்து என்று வந்தால் அந்த உறவு அறுந்துவிடுகிறது. ஒருவர் எழுத்தை மற்றவரால் படிக்க முடிவதில்லை. ஆகவே அறிக்கை ஆங்கிலத்துக்குப் போகிறது. அதன் பிறகு அதை எழுதுபவர் பொறியாளர், படிப்பவர் தலைமை அலுவலகம். கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் அடிப்பவரும் அதற்குள் வருவதேயில்லை. வேலையை உண்மையில் தடுத்துக்கொண்டிருக்கும் காரணம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும் என்பதால், அறிக்கையில் காரணம் இடம்பெறுமுன் ஒரு வாரமாவது கழிந்துவிடுகிறது.

காலைக் கூட்டம் இதற்கு நேரெதிர். வேலை தொடங்குமுன் எல்லாக் குழுத் தலைவர்களும் கால் மணி நேரம் நின்று பேசுவது. உட்கார்ந்தால் நீளும் என்பதால்தான் நிற்பது. பேச்சு மொழி பொதுவாக இருக்கும் இந்த ஊர்களில் அது இயல்பாகவே நடக்கும். கெட்ட செய்தி ஒரே நாளில் வந்துவிடும். எனினும் அது வருவதும் வராததும் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. “இன்று கான்கிரீட் போட்டுவிடலாமா?” என்று கேட்டால், “போட்டுவிடலாம் சார்” என்ற பதில்தான் வரும். மேலாளர் முன்னால், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முடியாது என்று சொல்ல நம்மூரில் எவரும் முன்வருவதில்லை. “கான்கிரீட் போடுவதற்கு இன்னும் என்ன குறைகிறது?” என்று கேட்டால் வைப்ரேட்டர் பழுது, ஜல்லி வரவில்லை, இரண்டு ஆள் குறைவு என்று வரிசையாகப் பதில் வரும். இரண்டாவது கேள்வி ஏதோ குறைகிறது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதால், பதில் சொல்பவருக்கு அவமானம் இல்லை. கூட்டம் நடத்தத் தெரிந்த மேலாளரையும் தெரியாதவரையும் பிரிப்பது இந்த ஒரு நுணுக்கம்தான் என்று நான் கருதுகிறேன்.

சரக்கு இறக்குவதை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கென 1978-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு பெற்ற தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் ஏற்றி இறக்கும் வேலையில் முறையான பங்குடையவர்கள். வேலை செய்யாமல் நின்று பார்ப்பதற்குக் கேட்கப்பட்டுவந்த ‘நோக்குக்கூலி’ 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டது. முறையான கூலிக்கும் தடை செய்யப்பட்ட தொகைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து, லாரி கிளம்புமுன் உள்ளூர்ச் சங்கத்தோடு பேசி வைப்பது கஞ்சிக்கோட்டில் ஒரு தனி வேலை. கோயம்புத்தூரில் தயாராகும் அட்டவணையில் ‘சரக்கு வந்து சேர்தல்’ என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும். இறக்குதல் என்ற வரி இருக்காது. காலைக் கூட்டத்தில் உள்ளூர் மேஸ்திரி ஒருவர் இருந்தால், அந்த விடுபட்ட வரியை லாரி வருவதற்கு முந்தைய நாளே அவர் சொல்லிவிடுவார்.

கூட்டத்தின் குறை, அது காற்றோடு போய்விடுவது. பேசி முடிவானதை அன்றே ஒரு பதிவேட்டில் ஐந்தாறு வரிகளில் குறிக்காவிட்டால், அடுத்த வாரமே இருவர் இரண்டு விதமாக நினைவுகூர்வார்கள்.

வாட்ஸ்அப் குழு

மூன்றாவது வழி எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு திட்டத்தில் 12 பேர் இருந்தால், இருவர் இருவராக எடுத்தால் 66 தொடர்புக் கோடுகள் உண்டாகும். 20 பேர் ஆனால் அது 190. ஒரே குழுவில் போட்டால் அத்தனையும் ஒரே இடத்துக்கு வந்துவிடும் என்பது இதன் கவர்ச்சி. படம் அனுப்பலாம் என்பது உண்மையாகவே பெரிய நன்மை. கம்பிக் கட்டின் ஒரு படம் அரைப்பக்க அறிக்கையைவிடத் தெளிவானது. குரல்பதிவு எழுத்துத் தடையையும் தாண்டிவிடுகிறது.

இத்தனை இருந்தும் முடிவெடுக்கும் இடமாக வாட்ஸ்அப் குழுவை நான் ஏற்கமாட்டேன். முதலாளியும் வாடிக்கையாளரும் இருக்கும் குழுவில் எவரும் கெட்ட செய்தியை முதலில் போடுவதில்லை. குரல்பதிவில் சொன்னதைப் பின்னர் தேடி எடுக்கவும் முடிவதில்லை. நீல நிற டிக் பார்த்ததைக் காட்டுமே தவிர, புரிந்துகொண்டதையோ ஒப்புக்கொண்டதையோ காட்டாது. படத்துக்கும் அவசரத் தகவலுக்கும் அது போதும்.

முழு அட்டவணையா, ஆறு வாரப் பார்வையா

தொடர்பாடல் வழியைப் போலவே திட்டமிடும் முறையிலும் இரண்டு அணிகள் உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு வேலையையும் வரிசைப்படுத்தி, எது தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று காட்டும் முறை, 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கியது. இன்றும் ஒப்பந்தங்களும் வங்கிக் கடன்களும் அத்தகைய அட்டவணையைத்தான் கேட்கின்றன. மற்ற அணி, கட்டுமானத் துறையில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் 1990-களில் வளர்த்தெடுத்த முறையைச் சேர்ந்தது. அதில் முழு அட்டவணை மைல்கற்களோடு நின்றுவிடும். அடுத்த ஆறு வாரம் போன்ற குறுகிய காலத்தை மட்டும் நெருங்கிப் பார்த்து, தடைகளை முன்கூட்டியே நீக்கி, தடை நீங்கிய வேலையை மட்டுமே அடுத்த வாரம் முடிப்பதாக வாக்குறுதி தருவார்கள். வாக்குறுதி தந்ததில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று வாராவாரம் கணக்கெடுப்பார்கள். வேலையைச் செய்விக்கும் மேஸ்திரிக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை இருப்பதே அதன் உயிர்நாடி.

இந்த எல்லையில் முழு அட்டவணை எங்கே சறுக்குகிறது என்பதை வானிலையே காட்டிவிடும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி ஜூன் 1. மலை மறைவில் இருக்கும் கோயம்புத்தூருக்கு முக்கிய மழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவத்தில்தான். கோயம்புத்தூர் நாட்காட்டியை வைத்துத் திட்டமிடுபவர், மழைக்கு முன் கூரை மூடியாக வேண்டும் என்று செப்டம்பரைக் குறிப்பார். வாளையாற்றுக்கு மேற்கே அது மே மாதமாக இருந்திருக்க வேண்டும். இதோடு பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் திறப்பின் வழியே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பலத்த காற்று வீசும். மழை விட்ட நாளிலும் நீண்ட கூரைத் தகட்டைக் கிரேனில் தூக்க முடியாத நேரங்கள் உண்டு. ஓணத்துக்கு மலையாளத் தொழிலாளர்கள் இருக்கமாட்டார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் இருக்கமாட்டார்கள். காற்று இன்று காலை எப்படி இருக்கும் என்பதை ஜனவரியில் போட்ட அட்டவணை சொல்ல முடியாது. ஆனால் ஓணமும் பருவமழையும் எந்த மாதம் என்பதை ஜனவரியிலேயே சொல்லிவிடலாம். ஆகவே முழு அட்டவணையைத் தூக்கி எறிவதும் தவறு. தெரிந்தே வரப்போகும் தடைகளை அதில் குறித்துவிட்டு, காற்று, ஆள்வரவு, சரக்கு போன்றவற்றை ஆறு வாரப் பார்வைக்கு விட்டுவிடுவதே இங்கே பொருந்தும்.

எது வளையலாம், எது வளையக் கூடாது என்பதற்கு இதே பாலக்காடு மாவட்டத்தில் பிறந்த ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பணிகள் சிறந்த சான்று. 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தபோது, சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். இளம் பொறியாளரான ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீட்டெடுத்துப் பொருத்தியது அந்த வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் கொங்கன் ரயில்வே அலுவலகங்களில், எஞ்சிய நாட்களைக் காட்டும் கடிகாரங்களை அவர் வைத்தார். முடிவுத் தேதியில் இம்மியும் அசையாதவர், அங்கு போய்ச் சேரும் வழியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றத் தயாராக இருந்திருக்கிறார். பலரிடம் இது தலைகீழாக இருப்பதைக் காண்கிறேன்: தேதியைத் தள்ளிப்போட உடனே சம்மதிப்பார்கள், வேலை வரிசையை மாற்ற மட்டும் மனம் ஒப்பாது.

செய்தி வந்தும் மனம் மாறாதபோது

நல்ல தொடர்பாடல் மட்டும் இருந்தால் நெகிழ்வு தானே வந்துவிடும் என்று நம்புவதற்கும் எல்லை உண்டு. 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக இயங்காது என்பதால் சேலஞ்சர் விண்கலத்தை ஏவ வேண்டாம் என்று ராக்கெட் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்திலேயே சொன்னார்கள். கெட்ட செய்தி உரிய நேரத்தில், உரியவர்களைச் சென்றடைந்தது. இருந்தும் அந்நிறுவன மேலாளர்கள் தனியே கலந்து பேசி அந்தப் பரிந்துரையை மாற்றி, ஏவலாம் என்றார்கள். மறுநாள் விண்கலம் ஏழு பேரோடு சிதறியது. பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில், ஆபத்தானது என்று நிரூபிக்கும் பொறுப்பு பொறியாளர்கள் மேல் விழுந்திருந்தது.

பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் 1976-இல் வெளியிட்ட சோதனையும் இதே பக்கம் கைகாட்டுகிறது. ஒரு முதலீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள், அது தோற்கிறது என்று தெரிந்த பிறகு அதிலேயே அதிகப் பணத்தைப் போட்டார்கள்; வேறொருவர் தேர்ந்தெடுத்த முதலீடாக இருந்தபோது அவ்வளவு போடவில்லை. தன் முடிவைத் தானே கைவிடுவது அவ்வளவு கடினம்.

இந்த இடத்தில்தான் எழுத்து மீண்டும் பேச்சை முந்துகிறது. மனம் தெளிவாக இருக்கும் தொடக்க நாளிலேயே, எந்த நிலை வந்தால் திட்டத்தை மாற்றுவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம். மே 20-க்குள் கூரை மூடப்படாவிட்டால் தளத்தைப் பாதியாகப் பிரித்து, மூடிய பாதியில் மட்டும் உள்வேலை தொடங்கும் என்பது போன்ற ஒரு வரி போதும். அந்த நாள் வரும்போது விவாதம் மேலாளரின் தன்மானத்தைப் பற்றியதாக இராது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வரி நிறைவேறியதா என்பது பற்றியதாக இருக்கும்.

என் தேர்வு

இந்த எல்லையில் ஓராண்டு நீளும் கட்டுமான வேலை என்றால், காலைக் கூட்டத்தை முதன்மையாகவும், அதிலிருந்து எழும் ஒரு பக்கப் பதிவேட்டை அதற்குத் துணையாகவும், ஆறு வாரப் பார்வையை வாரம் ஒரு முறையும் வைத்துக்கொள்வேன். தலைமை அலுவலகத்துக்கான வார அறிக்கையை அந்தப் பதிவேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தனியாக எழுத வேண்டியதில்லை. முடிவுத் தேதி, தரம், பாதுகாப்பு, மாற்றத்துக்கான நிபந்தனைகள் ஆகியவை கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடியும் சிறிய வேலைக்கு ஆறு வாரப் பார்வை தேவையில்லை. கூட்டமும் பதிவேடும் போதும்.

மென்பொருள் வேலைக்கு இந்தத் தேர்வு அப்படியே பொருந்தாது. அங்கே எழுத்துத் தடை இல்லை, எல்லோரும் ஒரே திரையில் ஒரே மொழியில் எழுதுகிறார்கள், முடிவை மாற்றும் செலவும் கான்கிரீட்டை உடைக்கும் செலவைப் போன்றதல்ல. கோயம்புத்தூரின் ஐ.டி. வளாகங்களில் பழகிய முறைகளைக் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுவருபவர்கள், முதல் வாரத்திலேயே உள்ளூர் மேஸ்திரி ஒருவரைக் காலைக் கூட்டத்தில் சேர்த்து, அவர் சொல்லும் தடைகளை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவேட்டில் எழுதத் தொடங்குவது நல்லது.