நாலு வார லீவில் ஆட்டிசம் சான்றிதழ்: ஊரில் எது நடக்கும், எது நடக்காது

ஆஸ்திரேலியாவில் என்.டி.ஐ.எஸ். என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டம் என்றால் குழந்தையின் பெயரில் ஒரு திட்டம் போட்டு, தெரபிக்கு இவ்வளவு என்று தொகை ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு லீவுக்கு ஊருக்கு வருகிறோம். அக்கா பையனுக்கோ தம்பி மகளுக்கோ ஆட்டிசம் என்று தெரிந்ததும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "கவர்மெண்டுல எவ்வளவு தருவாங்க?" தமிழ்நாட்டில் அப்படி ஒரே மொத்தமாகக் கைக்கு வரும் பணம் கிடையாது. இருப்பதெல்லாம் சில்லறை சில்லறையாகத்தான்: மாதாந்திர உதவித்தொகை, ஒரு லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ், பஸ் ரயில் சலுகை, பரீட்சைச் சலுகை, வரிக் கழிவு, இலவசத் தெரபி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத்தான். அதில் எந்த வகை, எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை என்ற மூன்றும் எப்படி விழுகிறதோ, மற்றதெல்லாம் அதன்படிதான். ஆகவே நாலு வாரத்தில் இரண்டை அதற்கே ஒதுக்கலாம். உதவித்தொகை ஜன்னலில் நின்று வாதாடுவதைவிட அது பிரயோஜனம்.

முதலில் குடியுரிமை. இந்த அட்டை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது என்பதால், வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் வீட்டுக் குழந்தைக்கு இதில் எதுவும் இல்லை. காசு கொடுத்து மதிப்பீடும் தெரபியும் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வளரும் குழந்தை என்றால் ஆதார் எடுக்க 182 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி உடனே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மருத்துவர் கொடுத்த நாற்பது பக்க ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். மருத்துவர் படித்துப் பார்ப்பார், குழந்தையின் பழைய வரலாறு அதில் இருக்கும். ஆனால் அதை வைத்துச் சான்றிதழ் தரமாட்டார்கள். இங்கே மறுபடி மதிப்பீடு உண்டு.

சான்றிதழுக்கும் அட்டைக்கும் சேர்த்தே விண்ணப்பம் ஆன்லைனில், மத்திய அரசின் சுவாவ்லம்பன் தளத்தில். வீட்டிலிருந்தும் போடலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். கேட்பது அதிகமில்லை: ஆதார், முகவரிச் சான்று, ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ. இதில் பாதிப் பேரின் விண்ணப்பம் சிக்குவது நம் இனிஷியலில். ஆதாரில் "கே அருண்", பிறப்புச் சான்றிதழில் வெறும் "அருண்", பள்ளியில் "அருண் குமார். கே". போர்ட்டல் இதையெல்லாம் மூன்று ஆளாகப் பார்க்கும். வங்கிக் கணக்கில் பணம் வராமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஆதாரைத் திருத்தச் சொல்லிவிடுங்கள். ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்குக் கைரேகை புதுப்பித்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

முகவரியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்த மாவட்டத்து முகவரி கொடுக்கிறீர்களோ, வழக்கமாக அந்த மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கு விண்ணப்பம் போகும். பிள்ளை குடியிருப்பது தாம்பரத்தில், ரேஷன் கார்டு சிவகங்கையில் என்றால், எங்கே அலைய முடியும் என்று முதலிலேயே முடிவெடுங்கள். சான்றிதழை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்பது 2024 அக்டோபரில் திருத்திய விதி. நாலு வாரத்தில் அட்டை கைக்கு வரும் என்று எண்ணாதீர்கள். மதிப்பீடு முடிந்தாலே போதும். அட்டை தபாலில் வரும், தளத்திலும் இறக்கிக்கொள்ளலாம்.

இனி மதிப்பீடு. இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. ஐசா என்று சொல்லும் இந்திய ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள், ஆறு பிரிவுகள். மருத்துவ உளவியலாளர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பெற்றோரிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். அந்தக் குணம் பத்தில் இரண்டு தடவைக்குள் தெரிந்தால் 1, பாதிக்குப் பாதி என்றால் 3, பத்தில் எட்டுக்கு மேல் என்றால் 5. எந்தப் பிரச்சினையும் இல்லாத குழந்தைக்கே 40 விழும், உச்சம் 200. மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று அர்த்தம். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது. சரியாக 70 என்றால் 40 சதவீதம். 71 முதல் 88 வரை 50. 89 முதல் 105 வரை 60. 106 முதல் 123 வரை 70. 124 தொட்டால் 80. சலுகைகள் தொடங்குவது 40-இல். 80-ஐத் தொட்டால் கணக்கே வேறு. 69-க்கும் 70-க்கும் நடுவே ஒரே ஒரு கேள்வியில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

அந்த ஒரு படி எங்கே போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். முதல் கேள்வியே கண் பார்த்துப் பேசுவது பற்றி. "கண்ணப் பாப்பானாம்மா?" என்றால், "ம்... பாப்பானே, நான் கூப்பிட்டா திரும்பிப் பாப்பான்" என்பார் அம்மா. பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பாசம் அது. பாட்டி பக்கத்திலிருந்தால் இன்னும் மோசம்: "அவங்க அப்பனும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலையே." பிஸ்கட் நீட்டினால் திரும்புவதும், ஒன்றுமில்லாமல் பெயர் சொன்னால் திரும்புவதும் வேறு வேறு. பத்துத் தடவை கூப்பிட்டால் எத்தனை தடவை என்றுதான் அளவுகோல் கேட்கிறது. அதனால் ஒரு வாரம் முன்பே நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: தூக்கம், சாப்பாட்டு அடம், கையை ஆட்டுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, தன்னைத்தானே கடிப்பது, தெருவில் ஓடிவிடுவது. எண்ணிக்கையோடு. மொபைலில் இரண்டு நிமிட வீடியோ நாலைந்து இருந்தால் நல்லது, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் பிள்ளை அன்றைக்கு மட்டும் சமர்த்தாக உட்காருவான். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் மதிப்பீட்டு முகாம் நாளில் கூட்டமும் சத்தமும் தாங்காது. காலையிலேயே டோக்கன் வாங்க ஒருவர் போகட்டும், பிள்ளை வண்டியிலோ வராந்தா ஓரத்திலோ இருக்கட்டும்.

இன்னொன்றைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தார்களா? பினே-காமத் மாதிரி ஐ.க்யூ. டெஸ்ட், வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், இவற்றைச் செய்தால்தான் அந்த வகையும் அட்டையில் ஏறும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வகைவாரியாகப் பிரிந்திருக்கிறது. அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் என்பது அதில் ஒரு வகை. கடும் பாதிப்பு 75 சதவீதம் என்பது இன்னொன்று. ரயில்வேயும் அப்படியே. அவர்கள் படிவத்தில் எலும்பு மூட்டு, பார்வை, செவி-பேச்சு, அறிவுசார் குறைபாடு என்ற பழைய பெட்டிகள்தான். அறிவுசார் குறைபாட்டுப் பெட்டியில் டிக் விழுந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் முக்கால் கட்டணம் தள்ளுபடி. வெறும் ஆட்டிசம் என்று மட்டும் இருந்தால் கவுண்டரில் விழிப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. படிவங்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. தமிழ் அரசாணைகளில் ஆட்டிசத்துக்குப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதியிருப்பார்கள். காதில் விழும்போது கோபம் வரும். ஆனால் பட்டியலில் உங்கள் பிள்ளை அந்தப் பெயரில்தான் இருக்கிறான் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல் கொண்டுபோங்கள். பாஸ்புக் பிள்ளையும் அம்மாவும் சேர்ந்த கணக்காக, ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும். வருவாய்த்துறை தரும் 1,500 ரூபாய் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஆண்டுக்கொரு தடவை உயிருடன் இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். அதை மறந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடும். சதவீதத்தில் திருப்தி இல்லை என்றால் அந்த 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. சின்னக் குழந்தைக்குத் தருவது தற்காலிகச் சான்றிதழாக இருக்கும். முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு மொபைலில் அலாரம் வையுங்கள், காலாவதியானால் எல்லாச் சலுகையும் ஒரே நாளில் போகும்.

நிராமயா இன்சூரன்ஸை ஏன் இவ்வளவு குறைவான பேர் எடுக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை. 1999-இல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் ஆட்டிசம் உள்ளிட்ட நான்கு குறைபாடுகளுக்கானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேரும்போது மருத்துவப் பரிசோதனை இல்லை, வயது வரம்பு இல்லை. வறுமைக்கோட்டுக்கு மேல் உள்ள குடும்பம் முதலில் 500 ரூபாய், புதுப்பிக்க 250. கீழே என்றால் 250-ம் 50-ம். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்றில்லை; ஓ.பி. செலவுக்கும், பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான ஓ.டி. பயிற்சி போன்ற தொடர் தெரபிக்கும் தனித்தனி உள்வரம்போடு திரும்பக் கிடைக்கும். நேஷனல் டிரஸ்டில் பதிவு செய்த ஓர் அமைப்பின் வழியாகச் சேரலாம். பாலிசி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால் ஜனவரியில் சேர்ந்தால் மூன்றே மாதம்தான். பணம் நிராகரிக்கப்படுவது அனேகமாக பில்லால்: தெரபிஸ்ட் துண்டுச் சீட்டில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதினால் செல்லாது. தேதி, என்ன தெரபி, எத்தனை அமர்வு, முத்திரை, ரசீது எண் எல்லாம் வேண்டும்.

இலவசத் தெரபிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் முதல் இடம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நிப்மெட் என்ற, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம். மதிப்பீடு, தெரபி, பெற்றோர் பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில். பள்ளி வயதுப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் உண்டு; பள்ளிக்கு வர முடியாத நிலை என்றால் வீட்டுக்கே வரும் ஏற்பாடும் இருக்கிறது, ஆனால் வாரத்தில் எத்தனை நாள் என்பது அந்த வட்டாரத்தில் ஆள் இருப்பதைப் பொறுத்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். தனியார் மையத்துக்கு நீங்கள் பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால், ஸ்பீச் தெரபிஸ்ட், மருத்துவ உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோரிடம் ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கேளுங்கள். எண் இல்லாமல் போர்டு மட்டும் இருக்கும் இடங்கள் ஏராளம்.

வரி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. வருமான வரியில் (1961 சட்டத்தில் இது 80டிடி பிரிவு) 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. ஆனால் அது இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். என்.ஆர்.ஐ. சித்தப்பா செலவழித்தாலும் கழிவு அவருக்கு வராது. ஊரிலிருக்கும் அப்பா கேட்கலாம். ஆட்டிசத்துக்கென்று உள்ள தனிப் படிவத்தில் (1961 சட்டத்தில் 10-ஐஏ) மருத்துவர் கையெழுத்து வேண்டும். அட்டை நகல் போதும் என்று ஆடிட்டர் சொன்னாலும் வாங்கி வையுங்கள்.

பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் அப்பா அம்மா தானாகக் காப்பாளர் ஆவதில்லை. வங்கியில் கையெழுத்து நிற்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கையும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைச் செய்வது கஷ்டம். உள்ளூரில் இருப்பவர் காப்பாளராக இருப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

விண்ணப்பத்தில் எந்த மொபைல் நம்பர் போடுகிறோம் என்பதையும் பாருங்கள். ஏர்போர்ட்டில் வாங்கிய தற்காலிக சிம்மைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனால், ஓ.டி.பி. வராமல் அந்த அம்மா மூன்று மாதம் நிற்பார். அம்மாவின் நம்பரைப் போடுங்கள். பதிவு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்.