களியக்காவிளையில் வாங்கிய ஃபுல் பாடி ஹார்னஸ்

களியக்காவிளையில் ஒரு கடையில் வாங்கிய டபுள் லேன்யார்டு ஹார்னஸை, அதாவது உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும், கொக்கி வைத்த இரண்டு கயிறுள்ள உடல் பட்டையை, எட்டு மாதமாகப் பாறசாலைப் பக்கம் பெயின்டிங் வேலைக்குப் போடுகிறேன். நல்ல பொருள். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறது, தொடைப் பட்டை உறுத்தவில்லை, ஒரு கொக்கியைக் கழற்றும் முன் இன்னொன்றை மாட்டிவிடலாம் என்பதால் சாரத்தில் நகரும்போதும் பிடிப்பு இருக்கும். ஆனால் கடையில் யாரும் சொல்லாத ஒன்று: கயிறு 1.8 மீட்டர், விழுந்தால் ஷாக் அப்சார்பர் (அதிர்ச்சியைக் குறைக்கக் கயிற்றோடு மடித்துத் தைத்த நாடா) பிரிந்து இன்னும் ஒரு மீட்டருக்கு மேலேயும் நீளலாம், நம் உயரமும் சேர்ந்தால் கீழே ஏறக்குறைய 6 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், முதல் மாடியில் கொக்கியைக் காலடியில் மாட்டினால் தரையில்தான் மோதுவோம். தலைக்கு மேலே மாட்டுங்கள், அதுவும் சாரக் கம்பில் வேண்டாம். ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸை, தையல் நன்றாகத் தெரிந்தாலும், திரும்பப் போடாதீர்கள். அப்புறம், தின்னர் பட்டால் நாடா கெட்டுவிடும். என் பழையது அப்படித்தான் போனது.