279 டாலர் லீஸ் விளம்பரம்: கணக்குப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு டீலர், 32,000 டாலர் பட்டியல் விலை கொண்ட சிறிய எஸ்யூவி ஒன்றை மாதம் 279 டாலருக்கு 36 மாத லீஸில் (தவணை கட்டி ஓட்டிவிட்டு, முடிவில் காரைத் திருப்பிக் கொடுக்கும் நீண்டகால வாடகை) தருவதாக விளம்பரம் செய்திருந்தார். கையெழுத்திடும்போது 3,999 டாலர் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 10,000 மைல்தான் ஓட்டலாம், வரியும் பதிவுக் கட்டணமும் தனி என்பவை அடியில் பொடி எழுத்தில் இருந்தன. மாதத் தவணையை விளம்பரப்படுத்துவோர் தொடக்கத்தில் கட்ட வேண்டிய மொத்தத்தையும் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது; அதையும் சொல்லியிருந்ததால், விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் 279 என்பது அந்தக் காரின் மாதச் செலவும் இல்லை.

தொடக்கத் தொகையில் முதல் தவணை அடங்கிவிடுகிறது. மீதி 35 தவணைகள் 9,765 டாலர். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்ட வேண்டிய 395 டாலரையும் சேர்த்தால் மொத்தம் 14,159 டாலர். அதை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 393 டாலர் வருகிறது. நியூ ஜெர்சியில் லீஸுக்கான 6.625 சதவீத விற்பனை வரியைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டுவிடுவதால், அதற்குச் சுமார் 900 டாலர் வேறு.

நேரில் போனபோது, அதே முன்பணத்துக்குத் தவணை 361 டாலர் என்றார்கள். முதல் காரணம், விளம்பரக் கணக்கில் 1,500 டாலர் தள்ளுபடி ஒன்று கழிக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே அதே நிறுவனத்தின் காரை லீஸில் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். இரண்டாவது காரணம் மணி ஃபேக்டர், அதாவது லீஸின் வட்டி. விற்பனையாளர் நீட்டிய தாளில் அது இல்லை. கேட்ட பிறகுதான் ஓரத்தில் பேனாவால் 0.0029 என்று எழுதினார். இந்த எண்ணை 2,400 ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி தெரியும்: ஏறக்குறைய 7 சதவீதம். கார் நிறுவனத்தின் நிதிப்பிரிவு அந்த மாதம் வைத்திருந்த அடிப்படை விகிதம் 0.0021 என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். அது 5 சதவீதம்தான். டீலர் கூட்டிய அந்த 0.0008, மாதம் சுமார் 37 டாலர், மூன்று ஆண்டுகளில் சுமார் 1,330 டாலர். மணி ஃபேக்டரை ஒப்பந்தத்தில் காட்ட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே நாம் வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியவரும்.

முன்பணத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். லீஸ் எடுத்த இரண்டாம் மாதமே விபத்தில் கார் முற்றிலும் சேதமடைந்தால், காப்பீட்டுப் பணம் லீஸ் நிறுவனத்துக்குத்தான் போகும். நாம் கட்டிய முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது. தவணையைச் சிறியதாகக் காட்டுவதற்காக அவ்வளவு பணத்தை முன்னதாகக் கொடுப்பதை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த ஊரில் இருந்த இன்னொரு டீலரிடம் முன்பணம் இல்லாமல், 0.0021 மணி ஃபேக்டரில், ஆண்டுக்கு 12,000 மைலுக்கு விலை கேட்டேன். எல்லா எண்களும் தெளிவாக எழுதப்பட்ட தாள் மின்னஞ்சலில் வந்தது: மாதம் 398 டாலர். 279-க்குப் பக்கத்தில் வைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் அலுவலகப் பயணத்தோடு ஆண்டுக்கு 13,000 மைல் ஓடும். கூடுதல் மைலுக்கு இரண்டு இடத்திலும் 20 சென்ட். வரி நீங்கலாக, திருப்பிக் கொடுக்கும்போது கட்டும் 395 டாலரையும் மைல் அபராதத்தையும் சேர்த்துப் பார்த்தால், விளம்பரச் சலுகை எனக்கு அப்படியே கிடைத்திருந்தால்கூட மூன்று ஆண்டுகளுக்கு 15,959 டாலர் ஆகியிருக்கும். 398 டாலர் லீஸுக்கு 15,323. இரண்டாவது டீலரிடமே கையெழுத்திட்டேன். அன்று கட்டியது முதல் தவணை, வரி, பதிவுக் கட்டணம் ஆகியவை மட்டுமே.